முன்சக்கரத்தில் டக் டக் சத்தமா? ஷாக் அப்சார்பரை மாற்றுவதற்கு முன் இதைப் படியுங்கள்

காரின் முன்சக்கரப் பக்கம் சத்தம் கேட்டதுமே ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று முடிவு கட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு, நானும் செய்தேன். இரண்டு பக்கமும் புதுசு போட்டுவிட்டு வீடு திரும்பினால் தெருமுனை ஸ்பீடு பிரேக்கரில் அதே டக். கடைசியில் இன்னொரு மெக்கானிக் ஸ்டியரிங்கை ஒடித்து வைத்து, லிங்க் ராட் (வளைவில் கார் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னத் தண்டு) மூட்டில் என் விரலை வைக்கச் சொல்லி பானட்டை அமுக்கினார். அந்த டக் விரலிலேயே தெரிந்தது.

அதனால் எதையும் கழற்றுவதற்கு முன் சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். சின்னக் குழிகளில் மெதுவாகப் போகும்போது கடகடவென்றால் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கையில் உள்ள ரப்பர்), பால் ஜாயின்ட் (அந்தக் கை சக்கரப் பக்கம் சேரும் உருண்டை மூட்டு) இவற்றை முதலில் பாருங்கள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்பும்போது மட்டும் வரிசையாகத் தட்டினால் ஆக்சில் ஜாயின்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு. பெரும்பாலும் ரப்பர் உறை கிழிந்து ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும். பிரேக்கை லேசாக மிதித்ததும் சத்தம் நின்றால் காலிப்பரின் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) பின்னோ பேடோ லூசாக இருக்கலாம். வேகம் கூடக் கூட இரைச்சலும் கூடினால் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள், அது வேறு கதை.

ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு லிங்க் ராடை ஆட்டிப் பார்த்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்வது அடுத்த தவறு. ஒரு சக்கரம் மட்டும் தொங்கும்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு ராடை இறுக்கிப் பிடித்திருக்கும், தேய்மானம் கைக்குத் தெரியாது. இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்போதோ, இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியோ பாருங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட், இடமும் வலமுமாக மட்டும் ஆடினால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் தண்டின் முனை மூட்டு) பக்கம் பாருங்கள்.

சரி, லோயர் ஆர்ம்தான் என்று தெரிந்து மாற்றுகிறீர்கள் என்றால், சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுசாக முடுக்க விடாதீர்கள். கார் தரையிறங்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முடுக்கு. அப்புறம் அலைன்மென்ட்.

இதையெல்லாம் விட அவசரமான ஒன்று உண்டு. பஞ்சருக்காக டயரைக் கழற்றி மாட்டிய ஓரிரு நாளில் சத்தம் ஆரம்பித்தால், மெக்கானிக் கடை வரை போய்விடலாம் என்று ஓட்டாதீர்கள், அங்கேயே ஓரம்கட்டி வீல் நட்டில் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். லூசான நட்டோடு ஓட ஓட ரிம் துளை அகலமாகும், நட்டு மாட்டும் ஸ்டட் போல்ட் ஒடியும், ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடும்.