பிள்ளைக்கு மூக்குச்சளி: எப்ப வீட்டில வச்சுப் பாக்கலாம், எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடணும்

மாரி தொடங்கினா திருகோணமலையில வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது மூக்கொழுகிக்கொண்டுதான் திரியும். ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவில (ஈ.டி.யு.) எனக்கு நேர்ஸ் டியூட்டி எண்டா அம்மாமார் வந்த உடன சொல்றது, "மிஸ்ஸி, சளி பச்சையா போகுது, அன்டிபயோட்டிக் தாங்கோ" எண்டுதான். நிறத்தை வச்சு முடிவெடுக்கேலாது அம்மா, சாதாரண தடிமன்லயும் ரெண்டு மூண்டு நாளில சளி தடிச்சு பச்சையாகும், பிறகு தானா குறையும்.

நாளை எண்ணுங்கோ. 10 நாள் தாண்டியும் குறையேல்ல, இல்லாட்டி சுகமாகி வந்த பிள்ளைக்கு திரும்ப காய்ச்சல் அடிக்குது, இல்லாட்டி 39 டிகிரி காய்ச்சலும் தடிச்ச சளியும் 3 நாளா விடேல்ல எண்டா சைனஸில, அதாவது மூக்கைச் சுத்தியுள்ள எலும்புக்குள்ள இருக்கிற காத்துக்குழியில, பக்டீரியா இருக்கலாம், அப்பதான் அன்டிபயோட்டிக் யோசிக்கிறது, அதுவும் டொக்டர் பாத்து. அண்ணனுக்கு குடுத்து மிஞ்சின போத்தலை தம்பிக்கு ஊத்தவேண்டாம்.

கைக்குழந்தை மூக்காலதான் மூச்சு விடும், அடைச்சா பால் உறிஞ்சேலாது, அதால பால் குடுக்க முதல் பாமசியில விக்கிற சலைன் (உப்புத்தண்ணி) சொட்டு விட்டு துடைச்சு விடுங்கோ. எண்ணெய் விடவே வேண்டாம், அது நெஞ்சுக்குள்ள இறங்கும். காய்ச்சலுக்கு பரசிட்டமோல் பிள்ளையின்ட நிறையில கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, அவ்வளவுதான். டெங்கு உள்ள ஊர் இது, ஐபுபுரோபனும் அஸ்பிரினும் தொடாதேங்கோ, டெங்கு எண்டா அதுகளால ரத்தக்கசிவு கூடும்.

ஒரு பக்க மூக்கால மட்டும் நாத்தமா சளி வந்தா அது தடிமன் இல்ல, உள்ளுக்கு ஏதோ கிடக்கு. மணி, பஞ்சு, புளியங்கொட்டை எல்லாம் எடுத்திருக்கிறம். ஊக்கால கிண்டாதேங்கோ, இன்னும் உள்ளுக்குத்தான் போகும். விளையாட்டுச் சாமான்ட வட்ட பட்டரி எண்டு சந்தேகம் வந்தாலே சலைன் கூட விடாம அந்த நிமிசமே வெளிக்கிடுங்கோ, சில மணித்தியாலத்துக்குள்ள மூக்கின்ட நடுச்சுவரையே எரிச்சு ஓட்டையாக்கிடும்.

சளியோட கண்ணைச் சுத்தி வீங்கிச் சிவந்தா, கண்ணை அசைக்க நோகுது எண்டா, பார்வை ரெண்டா தெரிஞ்சா விடியட்டும் எண்டு இருக்கவேண்டாம். சைனஸ் கிருமி கண்குழிக்குள்ள போயிருக்கலாம், வார்ட்டில வச்சு ஊசி மருந்து ஏத்தவேணும், ஸ்கேனும் எடுக்க வரலாம். 3 மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 காய்ச்சல், மூச்சு இழுக்கேக்க விலாவுக்கு கீழ குழி விழுறது, பால் குடியாம சோர்ந்து கிடக்கிறது, உதடு நீலமாகிறது, இதுகளும் அப்பிடித்தான். மூதூர், கிண்ணியா பக்கம் எண்டா டவுனுக்கு வர நேரம் போகும், கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்கே முதல் கொண்டு போங்கோ, வாகனம் இல்லாட்டி 1990க்கு அடிங்கோ, அம்புலன்ஸ் காசில்லாம வரும்.