டீச்சருக்குத் துணை நிற்கப் போய் அவரை மாட்டிவிடாதீர்கள்

நீலகிரி மலையில் கூடலூர், பந்தலூர் பக்கம் ஓர் ஆசிரியை "எங்கள் பள்ளிக்கு ஆள் போதவில்லை" என்று வாய் திறந்தால் போதும், மறுநாளே அவர் படம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். "எங்கள் சிங்கப்பெண்" என்று தலைப்பு வேறு. செய்கிறவர்களின் மனசு நல்லதுதான். ஆனால் இதைவிடப் பெரிய கெடுதலை எதிரிகூடச் செய்துவிட முடியாது. அரசுப் பள்ளி ஆசிரியர் 1973-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். அரசைப் பொதுவில் விமர்சித்தார் என்று ஒரு மெமோ வரலாம். கடும் தண்டனைவரை போகக்கூடிய 17(பி) ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு வந்துவிட்டால் பதவி உயர்வே நின்றுபோகும். சொன்னது நிஜமா என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே அவர் படமோ பெயரோ குரல் பதிவோ அவரைக் கேட்காமல் வெளியே போகக்கூடாது. அதே குறையைப் பெற்றோராக உங்கள் பெயரில் சொல்லுங்கள். உங்களுக்கு யார் மெமோ கொடுப்பது? (நீங்களும் அரசு வேலையில் இருந்தால் வீட்டில் இன்னொருவர் கையெழுத்துப் போடட்டும்.)

"ஏன் சார் இப்படிப் பயப்படுறீங்க?" என்று சிலர் கேட்கிறார்கள். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது ஆசிரியர்களும் அரசு ஊழியர்களுமாக லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரேயடியாக வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். வேலைநிறுத்தம் செய்வது அரசு ஊழியர்களின் அடிப்படை உரிமை அல்ல என்று அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பெரும்பாலோர் பிறகு வேலைக்குத் திரும்பினார்கள். 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய போராட்டத்திலும் கைது, பணியிடை நீக்கம் எல்லாம் நடந்தது. இதையெல்லாம் கண்ணால் பார்த்தவரிடம் தைரியத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

எல்லா வாத்தியாருக்கும் ஒரே கோரிக்கை என்று நினைப்பதும் சரியில்லை. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் கிடையாது, அதுதான் அவர் கவலை. 2009 ஜூன் 1 முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு (தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்) அடிப்படை ஊதியம் 5,200 ரூபாயில் தொடங்கியது. முந்தைய நாள்வரை சேர்ந்தவருக்கு 8,370. 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் எடுத்த தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கோ அப்போது மாதம் 7,500தான் கொடுத்தார்கள். இவர்தான் எல்லோரிலும் பலவீனமானவர், இவருக்காகத்தான் யாரும் பேசுவதில்லை. எந்தக் கோரிக்கைக்காகப் பேச வேண்டும் என்று, நீங்கள் துணை நிற்கும் ஆசிரியரிடமே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனு எழுதும்போது சட்டத்தைத் தப்பாக மேற்கோள் காட்டினால் முதல் மேசையிலேயே தள்ளுபடி. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். இருபது பிள்ளைகள் படிக்கும் எஸ்டேட் பள்ளிக்கு "சட்டப்படி ஐந்து பேர் வேண்டும்" என்றால் எடுபடாது. இருவரில் ஒருவர் பயிற்சிக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பையும் ஒருவரே பார்க்கிறார் என்று தேதியோடு எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். தேர்தல், பத்தாண்டுக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகிய வேலைகளுக்கு ஆசிரியரை அனுப்பச் சட்டத்தின் 27-ஆம் பிரிவே இடம் தருகிறது. அதை எதிர்த்து மனுவில் இடத்தை வீணாக்காதீர்கள். மற்ற வேலைகளுக்கு அனுப்புவதை மட்டும் கேள்வி கேளுங்கள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி என்றால் மனு பழங்குடியினர் நலத்துறைக்குப் போக வேண்டும். பள்ளிக்கல்வித் துறைக்கு அனுப்பினால் சுற்றிக்கொண்டே கிடக்கும்.

பிள்ளைகள் கையில் பதாகை கொடுத்துச் சாலையில் உட்கார வைப்பது வேண்டவே வேண்டாம். பழி தலைமையாசிரியர் தலையில்தான் விழும்.

"எங்கள் டீச்சரை மாற்றாதே" என்ற மனு இன்னொரு ரகம். அவரே இடமாறுதல் கலந்தாய்வில் கீழே சமவெளிக்குக் கேட்டிருக்கலாம், குடும்பம் அங்கே இருக்கலாம். பாசத்தால் அவரை மலையிலேயே கட்டிப்போட நமக்கு உரிமை இல்லை.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் திங்கள்கிழமை குறைதீர் நாளுக்குப் பந்தலூரிலிருந்து உதகை போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. பத்துப் பேர் கிளம்ப வேண்டியதில்லை. கையெழுத்து எல்லோரும் போட்டு, இருவர் கொண்டுபோய்க் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கி வந்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் முதல்வரின் உதவி மையத்தின் 1100 எண்ணில் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.