கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் 5 நாள் வேலைக் குறிப்பு

எதைப் படிப்பது என்று குழம்புகிறவர்கள் முதலில் 5 வேலைநாட்கள், அரை மணிக்கு ஒரு வரி வீதம், என்ன செய்தோம் என்று எழுதி வையுங்கள். திரும்பத் திரும்ப வருவதைக் கோடிடுங்கள். இரண்டு ஃபைல்களை ஒப்பிடுவது, ஒரே அறிக்கையை வாராவாரம் தயாரிப்பது போன்றவைதான் முதலில் இயந்திரத்தின் கைக்குப் போகும். அதை நீங்களே தானியங்கியாக்கப் பழகுங்கள்.

பெரும்பாலும் எக்செல்லே போதும். ஒரு பட்டியலில் தேடி அதற்குரிய விவரத்தை எடுத்துத் தரும் விலுக்அப் (VLOOKUP) ஃபார்முலாவில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: கடைசியில் 'ஃபால்ஸ்' (FALSE) போடாவிட்டால் அது தோராயமான பொருத்தத்தைத் தேடும். பிழைச் செய்தியே இல்லாமல் தப்பான விடை வந்து உட்கார்ந்திருக்கும். உங்கள் எக்செல்லில் அதன் புதிய வடிவமான எக்ஸ்லுக்அப் (XLOOKUP) இருந்தால் அதையே பழகுங்கள். சொல்லாமலே துல்லியமான பொருத்தத்தைத்தான் தேடும். கண்ணெதிரே இருக்கும் எண் கிடைக்கவில்லை என்கிறதா? ஒரு ஃபைலில் அது எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் பதிவாகியிருக்கலாம்.

ஃபார்முலாவை ஏஐயிடம் கேட்டு வாங்குவதில் தப்பில்லை. விடை தெரிந்த 10 வரிகளில் ஓட்டிப் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். ஒரு காலி செல்லையும் இருமுறை வரும் ஒரு பெயரையும் வேண்டுமென்றே அதில் சேருங்கள். வாடிக்கையாளர் விவரங்களை மட்டும் ஏஐயில் ஒட்டாதீர்கள்.

மிச்சமான நேரத்தைக் குறித்து வையுங்கள். 'எக்செல் தெரியும்' என்பதைவிட '3 மணி நேர அறிக்கை 20 நிமிடமானது' என்பதுதான் ரெஸ்யூமேயில் எடுபடும்.