ரெண்டு பக்கமும் நேர் மரை: பழைய இத்தாலியன் சைக்கிளுக்கு ஓவராயில்

பியாங்கி, கொல்நாகோ, சினெல்லி என்று பழைய இத்தாலியன் ரேஸ் சைக்கிள் வைத்திருப்பவர்கள் அதைத் துடைத்து மினுக்கி நிறுத்துவதில் குறை வைப்பதில்லை. குறை உள்ளே இருக்கும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று வாரி இறைக்கும் புழுதி ஹப்பிலும் பி.பி.யிலும் (பாட்டம் பிராக்கெட், கிராங்கின் ஆக்சில் சுழலும் இடம்) போய் உட்கார்ந்து, கிரீஸோடு சேர்ந்து அரைமாவு மாதிரி ஆகிவிடும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள், புரட்டாசியிலேயே முழு ஓவராயில் பண்ணிவிட வேண்டும். உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக்காற்றில் ஓட்டுகிறவர்கள் தை மாதம் இன்னொரு தடவை பிரிப்பது நல்லது.

முதலில் பி.பி.யைப் பார்த்துவிடுவோம். இந்த வண்டிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான், அதுவும் துருவால் அல்ல, ஸ்பானரால்.

பி.பி.யின் இரண்டு பக்கமும் குண்டுகளைத் தாங்கும் மரை வைத்த கிண்ணம்தான் கப். நம்மூர் 28 இஞ்ச் சைக்கிளில் வலது பக்கக் கப் இடது மரை. அதைக் கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். மிஸ்திரியின் கை அதற்கே பழகியிருக்கும். இத்தாலிய மரையில் இடது, வலது இரண்டுமே நேர் மரை, அதாவது வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகுவது. பழக்கத்தில் வலஞ்சுழியாகத் திருப்பினால் கப் இன்னும் இறுகும். “துரு பிடிச்சிருக்கு” என்று ஸ்பானரில் பைப்பை மாட்டி அழுத்தினால் மரை போச்சு. அதனால் வண்டியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: “அண்ணாச்சி, இதுல ரெண்டு பக்கமும் நேர் மரைதான். வலது கப்பையும் இடஞ்சுழியாத் திருப்பித்தான் கழத்தணும்.”

இத்தாலியில் செய்த வண்டி எல்லாமே இத்தாலிய மரை என்று நம்பிவிடவும் வேண்டாம். வெளிநாட்டு விற்பனைக்காக இங்கிலீஷ் மரையில் செய்ததும் உண்டு. ஷெல்லின் (ஃப்ரேமில் பி.பி. உட்காரும் குழாய்) அகலத்தை வெர்னியரில் அளந்து பாருங்கள். 70 மி.மீ. என்றால் இத்தாலியன், 68 என்றால் பெரும்பாலும் இங்கிலீஷ். கப்பின் முகத்தைத் துடைத்தால் ‘36 x 24’ என்று பொறித்திருக்கும்: 36 மி.மீ. விட்டம், இஞ்சுக்கு 24 மரை. இங்கிலீஷ் கப்பில் ‘1.37 x 24’ இருக்கும். இங்கிலீஷ் ஷெல்லின் மரை கெட்டால் கொஞ்சம் பெரிதாக்கி இத்தாலிய மரை வெட்டிக்கொள்ளலாம். இத்தாலிய ஷெல் கெட்டால் அதைவிடப் பெரிய அளவு கிடையாது. மரையே தேவைப்படாத கார்ட்ரிட்ஜைத் தேடி அலைய வேண்டியதுதான்.

கழற்றும் வரிசை இது. கிராங்க் போல்ட்டை எடுங்கள். காம்பாக்னோலோ (இத்தாலிய உதிரிபாகக் கம்பெனி) என்றால் 15 மி.மீ. பாக்ஸ் ஸ்பானர். போல்ட்டுக்கு அடியில் ஒரு வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கும், டார்ச் அடித்துப் பார்த்து அதையும் எடுங்கள். வாஷர் உள்ளே இருக்கும்போது புல்லரை (கிராங்கை இழுத்துக் கழற்றும் கருவி) முறுக்கினால் அலுமினிய கிராங்கின் மரை உரிந்து சுருள்சுருளாக வெளியே வரும். புல்லரை முழு ஆழத்துக்கு ஏற்றிய பிறகுதான் நடு போல்ட்டை இறுக்க வேண்டும். இது கோட்டர் பின் வண்டி இல்லை, சுத்தியலுக்கு இங்கே வேலையே கிடையாது.

அடுத்து இடது பக்க லாக் ரிங், இடது கப், ஆக்சில். வலது கப்பைக் குண்டு தேய்ந்து குழி விழுந்தால் மட்டும் தொடுங்கள். இல்லாவிட்டால் ஷெல்லில் இருந்தபடியே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். கழற்றியே ஆகவேண்டும் என்றால், கப்பின் தட்டையான பக்கங்களைப் பெஞ்ச் வைஸில் கவ்வவிட்டு, மேலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாக ஃப்ரேமைத் திருப்புங்கள். ஸ்பானர் மாதிரி வழுக்காது. முந்தின நாள் ராத்திரியே மரையில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறப் போட்டிருக்க வேண்டும்.

திரும்ப மாட்டும்போதுதான் இத்தாலிய மரையின் பழைய வியாதி தெரியும். மரைக்குள் மயிரிழை இடைவெளி இருந்தாலும், மிதிக்க மிதிக்கச் சுமை வட்டமடித்து, மிதிக்கும் திசைக்கு எதிராகக் கப்பை இம்மி இம்மியாக உருட்டும். வலது பக்கத்தில் அது கழலும் திசை. இங்கிலீஷ்காரன் அங்கே இடது மரை வைத்ததே இதற்காகத்தான். மரையைப் பிரஷால் சுத்தம் பண்ணி, நீல நிற மரைப் பசை இரண்டு சொட்டு விடலாம், அல்லது பிளம்பர் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றலாம். பிறகு 70 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். இதில் இரக்கமே வேண்டாம்.

குண்டு பழைய காம்பாக்னோலோ பி.பி.க்குக் கால் இஞ்ச், பக்கத்துக்கு 11. அதே கம்பெனியின் ரெக்கார்டு மாடல் பின் ஹப்புக்கும் கால் இஞ்ச்தான், பக்கத்துக்கு 9. ஜங்ஷனில் எந்தச் சைக்கிள் சாமான் கடையிலும் கிடைக்கும் அளவு. ஆனால் உதிரியாக அள்ளிக் கொடுப்பதில் உருண்டை சரியில்லாததும் கலந்திருக்கும். பேரிங் கடையில் ஒரே பெட்டியில் இருந்து வாங்குங்கள். பழையதையும் புதியதையும் கலக்கக் கூடாது. சற்றே பெரிய குண்டு மொத்தப் பாரத்தையும் தான் ஏற்று கோனில் குழி பறித்துவிடும். கிரீஸுக்குச் சாதாரண லித்தியம் போதும்.

ஹப் கோனை இறுக்கும்போது ஒரு நுணுக்கம்: குயிக் ரிலீஸை (சக்கரத்தை ஃப்ரேமில் பிடித்து வைக்கும் லீவர்) மூடினால் ஆக்சில் மயிரிழை அளவுக்கு அமுங்கும். கையில் பிடிக்கும்போது துளி ஆட்டம் விட்டுவைத்தால், வண்டியில் மாட்டி லீவரை மூடியதும் அது சரியாகிவிடும். கையிலேயே ஆட்டம் இல்லாமல் இறுக்கினால் ஓடும்போது கோன் தேய்ந்துபோகும்.

ஸ்டெம்மும் (ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டு) சீட் போஸ்ட்டும் அலுமினியம், ஃப்ரேம் இரும்பு. வியர்வை இறங்கினால் இரண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஆகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உருவிக் கிரீஸ் தடவி மாட்டினால் தீர்ந்தது. ஸ்டெம் வரவில்லை என்றால் 6 மி.மீ. ஆலன் போல்ட்டை நாலைந்து சுற்றுத் தளர்த்தி, போல்ட் தலையில் மரக்கட்டை வைத்து ஒரு தட்டு; உள்ளே இருக்கும் ஆப்பு விழுந்துவிடும். ஃப்ரேம் கொலம்பஸ் எஸ்.எல். என்ற இத்தாலிய இரும்புக் குழாயில் செய்தது என்றால் சீட் போஸ்ட் பெரும்பாலும் 27.2 மி.மீ. 27.0 போட்டு இறுக்கினால் லக்கில் (குழாய்கள் சேரும் இணைப்பு) சீட் போல்ட் பிடிக்கும் காது நெளியும்.

டயர் வாங்கும்போது ‘28 இஞ்ச்’ என்று மட்டும் கேட்டால் நம்மூர் சைக்கிளின் டயரைத் தருவார்கள். அது 635 மி.மீ. ரிம்முக்கு. உங்களுடையது 700சி, அதாவது 622. டயரின் பக்கவாட்டில் 25-622 என்று இருக்கிறதா பாருங்கள். நம்ம கடைப் பம்பு ரேஸ் ட்யூபின் ஒல்லியான பிரெஸ்டா வால்வில் நிற்காது; சின்ன பித்தளை அடாப்டர் ஒன்றைச் சீட்டுப் பைக்குள் எப்போதும் போட்டு வையுங்கள்.

பி.பி. வெளியே இருக்கும்போதே ஃப்ரேமின் உள்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். எஸ்.எல். குழாய் நடுவில் 0.6 மி.மீ.தான் கனம், உள்ளே பிடிக்கும் துரு வெளியே தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும். பெயின்ட் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு லின்சீட் எண்ணெய் 100 மில்லி போதும். ஷெல் மரையில் டேப் ஒட்டி, சீட் குழாய் வழியாக ஊற்றி, ஃப்ரேமைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் உருட்டி எல்லாக் குழாயிலும் ஓடவிட்டு, மிச்சத்தை வடித்துவிட்டு ஒரு வாரம் நிழலில் தொங்கவிடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். நம்ம வெயிலுக்கு அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.

பெயின்ட்டைப் பொறுத்தவரை, கீறலும் உதிர்வும் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஸ்டிக்கர் மேல் பெட்ரோலோ தின்னரோ படக்கூடாது. ஷாம்பு தண்ணீரும் கார் வாக்ஸும் போதும். குரோம் ஃபோர்க்கில் புள்ளிப்புள்ளியாகத் துரு இருந்தால், அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். முழுசாகப் புதுப் பெயின்ட் அடித்த வண்டியை, விவரம் தெரிந்தவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே அடியில் ஷெல்லைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள்.