பப் க்ரால் போகிறீர்களா? திரும்பும் வழியிலிருந்து திட்டமிடுங்கள்

பப் க்ரால் என்பது ஒரே இரவில் கூட்டமாகப் பல பார்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் உலா. அதன் டிக்கெட்டில் எங்கே, எத்தனை மணிக்குக் கூட வேண்டும் என்பது பெரிய எழுத்தில் இருக்கும். எங்கே முடியும் என்பது ‘ஒரு பிரபல நைட் கிளப்’ என்ற அளவில் நின்றுவிடும். புதிதாகப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். மூன்று நான்கு பார்களில் ஏறி இறங்கி, நள்ளிரவு தாண்டி கிளப் வாசலுக்குள் விட்டதும் கைடின் வேலை முடிந்துவிடும். அங்கிருந்து அறைவரை அவரவர் பாடு. தெரியாத ஊர், தெரியாத மொழி, தலைக்குள் போதை. இந்தக் கடைசி ஒரு மணி நேரத்தை முதலில் திட்டமிட்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

பொதுவான அமைப்பு இப்படி இருக்கும். இரவு எட்டு, ஒன்பது மணிவாக்கில் ஒரு பாரில் கூட்டம் சேரும். கையில் ரிஸ்ட்பேண்ட் கட்டுவார்கள். முதல் ஒரு மணி நேரம் பீர், ஒயின், சில இடங்களில் கலந்த வோட்கா என்று அளவில்லாமல் தருவார்கள். இதற்குப் ‘பவர் ஹவர்’ என்று பெயர். பிறகு ஒவ்வொரு பாரிலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், உள்ளே நுழைந்ததும் ஒரு இலவச ஷாட் (ஒரே மடக்கில் குடிக்கும் சிறு கிளாஸ் மது), வேண்டுமானால் தள்ளுபடியில் வாங்கிக் குடிக்கலாம். கடைசியில் வரிசையில் நிற்காமல் கிளப்புக்குள் நுழைவு. இருபது பேரும் வரலாம், எண்பது பேரும் வரலாம்.

இதே பெயரில் முற்றிலும் வேறு வகை உலாவும் உண்டு. உள்ளூர் பீர் வகைகளை ருசி பார்க்க வைப்பது, பழைய பப்களின் கதை சொல்வது, டப்ளினில் நடிகர்கள் எழுத்தாளர்களின் வரிகளை நடித்துக் காட்டியபடி பப் பப்பாக அழைத்துப் போவது. இவை மாலையிலேயே தொடங்கி, பேச்சு கேட்கும் சத்தத்தில் நடந்து, சீக்கிரம் முடிந்துவிடும். குடிப்பதைவிட ஊரைப் பார்க்க ஆசை என்றால் இதுவே சரி. விளம்பரத்தில் ‘ஷாட்’, ‘பார்ட்டி’ என்ற சொற்கள் அதிகம் தென்பட்டால் அது முதல் வகை என்று தெரிந்துகொள்ளலாம்.

பணம் கட்டும் முன்

அந்த ஊரில் இதற்கு அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள். குடியிருப்பவர்கள் தூங்க முடியவில்லை என்று பல ஊர்கள் கையை இறுக்கிவிட்டன. செக் நாட்டுத் தலைநகர் பிராகில் இரவு 10 முதல் காலை 6 மணிவரை ஏற்பாடு செய்யப்பட்ட பப் க்ரால்களுக்குத் தடை விதிக்க 2024 அக்டோபரில் மாநகராட்சி முடிவெடுத்தது. ஸ்பெயினின் மயோர்கா தீவில் மகலுஃப், பிளாயா தெ பால்மா, இபிசா தீவில் சான் அந்தோனியோ பகுதிகளில் 2020 முதலே தடை. பார்சிலோனாவின் பழைய நகரமான சியூதாத் வேயாவில் 2012 முதல். தடை இருக்கும் ஊரில் தெருவில் நின்று டிக்கெட் விற்பவரிடம் வாங்கினால், போலீஸ் வந்ததும் முதலில் காணாமல் போகிறவர் அவராகத்தான் இருப்பார்.

வயது வரம்பும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 21, ஜப்பானிலும் தாய்லாந்திலும் 20, பிரிட்டனில் 18. பாரில் 18 போதும் என்றாலும், முடிவில் வரும் கிளப் தன் விருப்பத்துக்கு 21 என்று வைத்திருக்கலாம்.

ஏற்பாட்டாளருக்கு அனுப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் அதிகமில்லை. எந்தெந்த பார்கள், கடைசி இடத்தின் பெயரும் முகவரியும் என்ன? கிளப் நுழைவுக் கட்டணம் டிக்கெட்டில் அடக்கமா? ‘இலவச மது’ என்பது என்ன, பாட்டிலில் வரும் பீரா, ஜக்கில் கலந்த ஏதோவொன்றா? எத்தனை பேருக்கு எத்தனை கைடு? ஆள் சேராவிட்டால் பணம் திரும்புமா? கடைசிக் கேள்வி வாரத்தின் தொடக்க நாட்களுக்கு முக்கியம்; திங்கள், செவ்வாயில் ஐந்தாறு பேர்தான் வருவார்கள், ரத்தாவதும் உண்டு. வியாழன் முதல் சனிவரை கூட்டம் கட்டி ஏறும், கல்யாணத்துக்கு முந்தைய பார்ட்டி என்று பதினைந்து ஆண்கள் ஒரே நிறச் சட்டையில் வருவதும் அந்த நாட்களில்தான். தனியாகப் போகிறவருக்கு புதன், வியாழன் நடுத்தரமான தேர்வு.

விமர்சனங்களில் சராசரி நட்சத்திரத்தைப் பார்த்துப் பயனில்லை. கடந்த மூன்று மாதத்தில் எழுதியவற்றை மட்டும் எடுத்து, இரவு எப்படி முடிந்தது என்று சொல்பவற்றைப் படியுங்கள். ‘கைடு பாதியிலேயே மறைந்துவிட்டார்’ என்று இரண்டு பேர் சொல்லியிருந்தால் விட்டுவிடலாம்.

முதல் ஒரு மணி நேரக் கணக்கு

அன்றைய இரவு எப்படிப் போகும் என்பதைப் பவர் ஹவர்தான் தீர்மானிக்கிறது. 5 சதவீத ஆல்கஹால் உள்ள அரை லிட்டர் பீரில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 12 சதவீத ஒயின் 150 மி.லி. என்றால் சுமார் 14 கிராம். 40 சதவீத மது 30 மி.லி. ஷாட்டில் 9 முதல் 10 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 7 முதல் 10 கிராமைத்தான் எரிக்கும். காபி, குளிர்ந்த நீர், நடனம் எதுவும் அதை விரைவுபடுத்தாது. ஓசியில் கிடைக்கிறதே என்று முதல் மணி நேரத்தில் மூன்று பீர் இறக்கினால் 60 கிராம். அதற்குமேல் ஒரு சொட்டும் தொடாவிட்டாலும் அது இறங்க ஆறு முதல் எட்டரை மணி நேரம் ஆகும். இன்னும் இரண்டு மூன்று பார் பாக்கி.

கணக்கு தப்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குடித்த மது ரத்தத்தில் உச்சத்தைத் தொட அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். ஒன்பது மணிக்கு ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று சேர்த்துக் குடித்தது பத்தரை மணிக்கு, இரண்டாவது பாரில், மொத்தமாகத் தலைக்கேறும். பெரும்பாலானோர் மட்டையாவது இரண்டாவது பாருக்கும் மூன்றாவது பாருக்கும் இடையில்தான். இலவச மணி நேரத்தில் ஒரு பீர், அதிகம் போனால் இரண்டு, நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் கிளப்வரை கால் தரையில் இருக்கும். டிக்கெட் காசை அந்த ஒரு மணி நேரத்திலேயே வசூலித்துவிட நினைப்பவர் மீதி டிக்கெட்டை வீணடிக்கிறார்.

வெறும் வயிற்றோடு போகவே கூடாது. மதுவின் பெரும்பகுதி சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. வயிற்றில் உணவு இருந்தால் அது மெதுவாக அங்கே இறங்கும். தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மாவுச்சத்து, புரதம், கொஞ்சம் கொழுப்பு எல்லாம் சேர்ந்த முழுச் சாப்பாடு சாப்பிடுங்கள். இரண்டு மூன்று பார்களுக்குப் பிறகு சமையலறை மூடியிருக்கும். எனர்ஜி டிரிங்க் கலந்த மது வேண்டாம்; தூக்கத்தை மட்டும் விரட்டும், போதையைக் குறைக்காது.

மாத்திரை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பயணத்தில் வயிற்றுப்போக்குக்காக மெட்ரோனிடசோல் அல்லது டினிடசோல் ஓடிக்கொண்டிருந்தால் மது கூடாது. தூக்க மாத்திரை, தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மாத்திரைகளுக்கும் அதே விதி. இன்சுலின் போடுபவர்களுக்கு நள்ளிரவில் சர்க்கரை இறங்கும் ஆபத்து உண்டு.

பையில், பாக்கெட்டில்

வயதுச் சான்று மூலப்பிரதியாக வேண்டும். போனில் இருக்கும் பாஸ்போர்ட் படத்தைப் பல கிளப் பவுன்சர்கள் ஏற்பதில்லை. பாஸ்போர்ட்தான் ஒரே வழி என்றால் ஜிப் வைத்த உட்பாக்கெட்டில் வையுங்கள், நகலை அறையில் விடுங்கள். ஒரே ஒரு கார்டு, கொஞ்சம் ரொக்கம், டாக்சிக்கான பணம் தனியாக வேறு பாக்கெட்டில். முழுச் சார்ஜ் ஏறிய போன், சின்ன பவர் பேங்க். செருப்பு, விளையாட்டு ஷார்ட்ஸ் போட்டவர்களைக் கடைசி வாசலில் திருப்பி அனுப்புவது சகஜம். டிக்கெட் இருந்தும் பயனிருக்காது. மூடிய ஷூவாக இருந்தால் கொட்டிக் கிடக்கும் பீரிலிருந்தும் கண்ணாடிச் சில்லிலிருந்தும் காலுக்கும் பாதுகாப்பு.

தங்குமிடத்தின் பெயரையும் முகவரியையும் அந்த நாட்டு எழுத்திலேயே ஒரு தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். போன் செத்தாலும் டாக்சிக்காரரிடம் நீட்டலாம். இரவு வரவேற்பறையில் ஆள் இருப்பாரா, வாசல் கதவுக்கு எண் உண்டா என்றும் கிளம்பும்போதே கேட்டுவிடுங்கள். மூன்று மணிக்குத் தெருவில் நின்று இதைத் தேட வேண்டாம்.

பாரிலிருந்து பாருக்கு

பத்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். கூட்டம் சத்தமாவதற்கு முன் பேச்சுக் கொடுத்த இரண்டு மூன்று பேர்தான் அன்றிரவு உங்கள் துணை. யாராவது ஒருவரோடு ‘கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போவோம்’ என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். கைடின் எண்ணையும் அடுத்த பாரின் பெயரையும் போனில் ஏற்றுங்கள், ஏனெனில் பெரும்பாலான கைடுகள் தலையை எண்ணுவதில்லை. ‘பத்து நிமிடத்தில் கிளம்புகிறோம்’ என்ற குரல் கேட்டதும் கழிவறைக்குப் போய்விடுங்கள். கூட்டத்தைத் தவறவிடுபவர்களில் பாதிப்பேர் அந்த நேரத்தில் புதிதாக ஒரு பீர் சொன்னவர்கள்.

ஒவ்வொரு தடவையும் அப்போதே காசு கொடுத்து வாங்குங்கள். கார்டைக் கொடுத்து ‘கடைசியில் மொத்தமாக’ என்று கணக்குத் திறந்தால், கூட்டம் அடுத்த இடத்துக்கு நகரும்போது கார்டு அங்கேயே தங்கிவிடும். கார்டு இயந்திரம் உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா என்று கேட்டால் மறுத்து, அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் கணிசமாகப் போய்விடும். மாற்றி மாற்றி எல்லோருக்கும் வாங்கித் தரும் சுற்றில் சேராதீர்கள். அதில் கூட்டத்திலேயே வேகமாகக் குடிப்பவரின் வேகம்தான் எல்லோருக்கும்.

தெருவில் நடக்கும்போது கையில் பாட்டில் கூடாது. நியூயார்க்கில் பொது இடத்தில் திறந்த பாட்டிலுக்கு அபராதம். சிங்கப்பூரில் இரவு 10:30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது.

விளையாட்டுகளில் தண்ணீர் ஊற்றி ஆடலாம், யாரும் கழுத்தைப் பிடிக்கப் போவதில்லை. பாட்டிலிலிருந்து நேராக வாயில் ஊற்றுவதை மட்டும் மறுத்துவிடுங்கள், எத்தனை மி.லி. என்று ஊற்றுபவருக்கே தெரியாது. குடிக்காதவரும் தாராளமாக வரலாம். எலுமிச்சைத் துண்டு போட்ட சோடாவைக் கையில் பிடித்திருந்தால் கேள்வியே வராது.

உங்கள் கண் முன் ஊற்றப்பட்டதை மட்டும் குடியுங்கள், விட்டுப்போன டம்ளரை மறுபடி தொடாதீர்கள். குடித்த அளவுக்குச் சம்பந்தமில்லாமல் கால் துவண்டால், பேச்சு குழறினால், யாரோ எதையோ கலந்திருக்கலாம். பார் ஊழியரிடமோ கைடிடமோ உடனே சொல்லுங்கள். அப்போதுதான் அறிமுகமானவரோடு வெளியே போகாதீர்கள். சோதனை செய்வதாக இருந்தால் தாமதிக்கக் கூடாது, ஜிஹெச்பி போன்ற மயக்க மருந்துகள் 12 மணி நேரத்துக்குள் சிறுநீரிலிருந்தும் மறைந்துவிடும்.

யாராவது விழுந்துவிட்டால்

எழுப்பினால் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, மூச்சுக்கு மூச்சு பத்து விநாடி இடைவெளி, உதடு நீலம், மயக்கத்திலேயே வாந்தி: இதில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸ்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 112, பிரிட்டனில் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000. வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாய் தரையைப் பார்க்கும்படி தலையைச் சாய்த்து, பக்கத்திலேயே இருங்கள். ‘தூங்கினால் சரியாகிவிடும்’ என்று அறையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு மற்றவர்கள் கிளப்புக்குத் திரும்புவதில்தான் உயிர் போகிறது, வாந்தி மூச்சுக்குழாயில் அடைத்து.

திரும்புதலும் மறுநாளும்

கடைசி ரயில் நேரத்தை மாலையிலேயே பாருங்கள். டோக்கியோவில் நள்ளிரவையொட்டி நிற்கும் ரயில் மீண்டும் ஓட விடியற்காலை ஐந்து மணி ஆகும். லண்டனில் இரவு முழுக்க ஓடும் சுரங்க ரயில் வெள்ளி, சனி மட்டும், அதுவும் சில தடங்களில்தான். டாக்சி ஆப்பை முன்பே ஏற்றி, பணம் செலுத்தும் முறையைச் சரிபார்த்துவிடுங்கள். வாடகை மின் ஸ்கூட்டர் வேண்டாம். ஜெர்மனியில் கார் ஓட்டுபவருக்கான அதே மது வரம்பு அதற்கும் பொருந்தும், போதையில் நடந்த விபத்துக்குப் பல பயணக் காப்பீடுகள் பணம் தராது. மறுநாள் காலை கார் ஓட்டும் திட்டமும் இருக்கக் கூடாது. மேலே சொன்ன கிராம் கணக்கைப் போட்டுப் பாருங்கள், தூங்கி எழுந்த பிறகும் மிச்சம் இருக்கும்.

தலைவலி, குமட்டல் மதியத்துக்குள் தணியத் தொடங்கும். தணியாமல் கூடிக்கொண்டே போனால் வேறு விஷயம். லாவோஸின் வாங் வியாங்கில் 2024 நவம்பரில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். மெத்தனாலை வாசனையிலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. லேபிள் இல்லாத மலிவு மது பெரும்பாலும் இலவச ஷாட்டாகவும் வாளியில் கலந்த காக்டெயிலாகவும்தான் வரும். கள்ளமதுப் புழக்கம் உள்ள நாடுகளில் மூடி திறக்காத பீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குடித்து 12 முதல் 24 மணி நேரம் கழித்துப் பார்வை மங்குவது, பனி கொட்டுவதுபோல் கண்ணில் வெள்ளை தெரிவது, வயிற்று வலி, மூச்சு வேகமாவது ஆகியவை அறிகுறிகள். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், ‘மெத்தனாலாக இருக்கலாம்’ என்று நீங்களே சொல்லுங்கள். என்ன குடித்தீர்கள், எந்த பாரில், எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள். மாற்று மருந்தும் டயாலிசிஸும் உண்டு, ஆனால் மணிக்கணக்கில் தாமதித்தால் பார்வை போய்விடும். போகும் வழியிலேயே முந்தைய இரவு சேர்ந்து குடித்தவர்களுக்கும் கைடுக்கும் செய்தி அனுப்பிவிடுங்கள், அவர்களுக்கும் அதே பாட்டிலிலிருந்துதான் ஊற்றியிருப்பார்கள்.