வரி மேல் வரி எழுதிய பாஷ்
பெங்களூரு அலுவலகத்தில் ஒரு தொல்லை. டெர்மினலில், அதாவது கணினிக்கு எழுத்தில் கட்டளை கொடுக்கும் சாளரத்தில், நீளமான கட்டளை அடித்தால் அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் தலையில் ஏறி எழுதும். அந்தக் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் பாஷ் என்ற நிரலின் பிழைதான் என்று பக்கத்து இருக்கை மதுரைக்காரர் அடித்துச் சொன்னார். புகார் எழுத பாஷ்பக் என்ற கட்டளையே உண்டு; பாஷ் பதிப்பு, இயங்குதள விவரம் எல்லாம் அதுவே நிரப்பித் தரும். நல்ல ஏற்பாடு. அதற்கு முன், நம் விருப்ப அமைப்புகள் இருக்கும் கோப்பைப் படிக்காதபடி வெறும் பாஷைத் திறந்து பார்த்தேன். தொல்லை இல்லை!

அப்புறம் என்ன, குற்றவாளி குழுவில் எல்லோருக்கும் கொடுத்திருந்த வண்ண ப்ராம்ப்ட், அதாவது கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால் தெரியும் எழுத்து. நிறக் குறியீடுகள் திரையில் இடம் பிடிக்காது. ஆனால் அதைச் சொல்லாவிட்டால் பாஷ் அவற்றையும் எழுத்துகளாக எண்ணி, வரி மடங்கும் இடத்தைத் தப்பாகக் கணக்கிடும். ஒவ்வொரு நிறக் குறியீட்டையும் \[ \] இரண்டுக்கும் நடுவே வைத்தேன், சரியாகிவிட்டது. மதுரைக்காரருக்கும் திருத்திய ப்ராம்ப்ட் வரியை அனுப்பினேன்.