காரைக்குடிப் பலகாரக் கடைக்குப் போகும்போது

செட்டிநாட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பிள்ளையார்பட்டியில் கும்பிட்டு, ஆத்தங்குடியில் தளக்கல் வார்ப்பதைப் பார்த்து, கடைசியில் பேருந்துக்கு நேரமாகிவிட்ட பிறகுதான் பலகாரக் கடைக்குள் நுழைகிறார்கள். அந்த அவசரத்தில் கைக்கு எட்டிய பொட்டலத்தைத்தான் வாங்க முடியும். ஒரு மணி நேரமாவது ஒதுக்கி, மாலை 4 மணிக்கு மேல், வீட்டை ஒட்டியே அடுப்பு வைத்து நடத்தும் சிறிய கடையாகப் பார்த்துப் போங்கள். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டியவை வேறு, ஊருக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை வேறு.

உட்கார்ந்து சாப்பிட வேண்டியது வெள்ளைப் பணியாரம். பச்சரிசியைத் தலைதட்டி ஒரு டம்ளர் அளந்து, அந்த அரிசியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, இரண்டையும் சேர்த்து ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்தெடுத்த மாவு அது, புளிக்க விடுவதில்லை. கரண்டியால் ஒரே ஊற்றாகக் காய்ந்த எண்ணெயில் விட்டதும் அடியில் போய், மறுகணம் தானாகவே மேலெழுந்து, ஓரம் பின்னலாக விரிய நடுப்பகுதி உப்பிக்கொள்ளும். சிவப்பதற்கு முன்பே திருப்பிப் போட்டு எடுத்துவிடுவார்கள். வரமிளகாயும் புளியும் பூண்டும் வைத்து அரைத்த துவையலோடு அந்தச் சூட்டிலேயே தின்றால்தான் அதன் அருமை தெரியும். ஆறியதைத் தின்றால் எண்ணெய்தான் நாக்கில் தங்கும். ஆகவே, தட்டில் ஏற்கெனவே அடுக்கியிருப்பதை விட்டுவிட்டு, “ஆச்சி, அடுத்த ஈடு எப்ப எடுப்பீங்க?” என்று கேட்டுக் காத்திருங்கள். வயதில் மூத்த பெண்ணை ஆச்சி என்று விளிப்பது இந்தப் பக்கத்து மரியாதை. அப்படிக் கேட்கிறவருக்கு, எது இன்று சுட்டது, எது நேற்றையது என்பதையும் ஒளிக்காமல் சொல்வார்கள்.

எடுத்துச் செல்வதற்கு என் முதல் தேர்வு சீப்புச் சீடை. அரிசி மாவும் உளுந்து மாவும் தேங்காய்ப் பாலில் பிசைந்து, சீப்பு அச்சில் வரிவரியாகப் பிழிந்து, துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் விரலில் சுற்றி இரு முனைகளையும் ஒட்டுகிறார்கள். கையால் மட்டுமே ஆகிற வேலை என்பதால் விலை சற்றுக் கூடுதலாக இருந்தால் பேரம் பேசாதீர்கள். வாங்கும் முன் ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்பக்கமும் வெளிப்பக்கத்தின் நிறத்திலேயே இருந்து, மெல்லும்போது தேங்காய்ப் பாலின் இனிப்பு லேசாகத் தெரிந்தால் நிதானமான தீயில் வெந்தது என்று பொருள். மாவுச் சுவை வந்தால் தீ அதிகம். பிறகு முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை துளி அடித்தாலும் எண்ணெய் பழையது, அன்று வாங்க வேண்டாம்.

ருசி பார்க்கும்போது தேன்குழல், சீடை என்று உப்புப் பலகாரத்தில் தொடங்கி, மாவுருண்டை, மனகோலம் என்று இனிப்புக்கு வாருங்கள். வெல்லப் பாகும் வறுத்த தேங்காய்ச் சில்லும் கலந்த மனகோலத்தை முதலிலேயே வாயில் போட்டுவிட்டால், அதன்பின் தேன்குழலில் உளுந்தின் மணம் தெரியாது.

கவுனி அரிசி கேட்பதென்றால் முதல் நாளே சொல்லிவையுங்கள். பர்மாவில் தொழில் செய்த நகரத்தார், அதாவது செட்டிநாட்டு வணிகச் சமூகத்தார், கொண்டுவந்தது என்று ஊரில் சொல்லும் இந்தக் கறுப்பரிசி, இரவு முழுவதும் ஊறினால்தான் குழைய வேகும். அதன்பின் சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப்பூவும் சேர்த்துக் கிளறித் தருவார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் மட்டும் போக வேண்டாம். ஆர்டர் வேலையில் யாருக்கும் பேச நேரமிருக்காது.

கட்டித் தரும்போதும் பக்கத்தில் நில்லுங்கள். ஒருமுறை மதுரை பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் தேன்குழலை இளஞ்சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிக்கொண்டேன். வீட்டில் பிரித்தபோது அத்தனையும் நமுத்திருந்தது. யாரோ காலையிலிருந்து அடுப்படியில் நின்று பிழிந்ததை நான் பாழாக்கிவிட்டேனே என்று மிகவும் வருத்தமாக இருந்தது. இப்போது கையோடு ஒரு எவர்சில்வர் சம்படம் கொண்டுபோய், முழுதும் ஆறிய பிறகே அடுக்கச் சொல்கிறேன். அதிரசத்தைத் தனிப் பொட்டலமாக வாங்குங்கள். சேர்த்து வைத்தால் அதன் ஈரம் தேன்குழலுக்கு ஏறிவிடும். அதிரசத்தை அன்றைக்கே தின்றுவிடாமல் மறுநாள் வரை வைத்திருந்தால், எண்ணெய் இறங்கி, வெல்லமும் ஏலக்காயும் நன்றாக ஊறியிருக்கும்.